வெளியே விடுவதற்கென்றே ஒரு சட்டை

அழைப்பிதழின் அடியில் 'ஸ்மார்ட் கேஷுவல்' என்று அச்சடித்திருந்தால், நடுவயது ஆணுக்குக் கிடைக்கும் ஆலோசனைகள் எல்லாம் சுற்றி வந்து ஒரு பிளேஸரில் போய் நிற்கும். குளிர்தேசத்து ஆலோசனை என்றாலும் அதில் நியாயம் இருக்கிறது. ஐம்பதை நெருங்கும் உடம்பில் தோள் சற்று முன்னுக்கு வளைகிறது, மார்பைவிட வயிறு அகன்றுவிடுகிறது, கழுத்து தளர்கிறது. நன்றாகத் தைத்த கோட்டு தோளில் உட்கார்ந்து, அங்கிருந்து தடையில்லாமல் தொடைவரை இறங்குகிறது; பார்ப்பவர் கண் இடுப்பில் தட்டி நிற்காது. 1930களில் நேபிள்ஸ் நகரில் ஜென்னாரோ ருபினாச்சியின் கடையில் வேலை பார்த்த வின்சென்சோ அத்தோலினி என்ற தையல் மேதை, ஆங்கிலேயக் கோட்டின் தோள் திணிப்பையும் உள்பட்டைகளையும் லைனிங்கையும் களைந்து, ஏறக்குறைய சட்டை போல மடியும் கோட்டு ஒன்றை உருவாக்கினார். அந்த நேபிள்ஸ் கோட்டைக்கூட மே மாதச் சென்னையில் காரிலிருந்து மண்டப வாசல்வரை சுமந்துபோக முடியாது. ஆகவே கோட்டு செய்துவந்த வேலையை நம் வெயிலில் வேறொன்று செய்தாக வேண்டும். அது சட்டைதான் என்பதும், பேன்ட்டுக்கு வெளியே விடுவதற்கென்றே வெட்டித் தைத்த சட்டை என்பதும் என் கட்சி.

'வெளியே விடுவதற்கென்றே' என்பதை அழுத்திச் சொல்லக் காரணம், நம்மில் பெரும்பாலோர் வெளியே விடுவது உள்ளே விடத் தைத்த சட்டையை. ஆபீஸ் சட்டையின் அடிப்பக்கம் முன்னும் பின்னும் நீண்டு, பக்கவாட்டில் வளைந்து ஏறியிருக்கும். உட்கார்ந்து எழும்போது அது பேன்ட்டிலிருந்து பிதுங்காமல் இருக்கத்தான் அந்த நீளம். அதை வெளியே எடுத்துவிட்டால் முன்வால் தொடையில் தொங்குகிறது, கால் குட்டையாகத் தெரிகிறது, ஆபீஸிலிருந்து திரும்பி இன்னும் குளிக்காதவர் போன்ற தோற்றம் வந்துவிடுகிறது. வெளியே விட்ட சட்டை அலட்சியம் என்று நினைப்பவர்கள் பார்த்துப் பழகியது இந்தக் காட்சியைத்தான். அந்தப் பழி வழக்கத்துக்கு உரியது அன்று, வெட்டுக்கு உரியது.

சரியான வெட்டு எப்படி இருக்கும் என்று காட்ட க்யூபாவின் குவாயபேராவைவிட நல்ல சாட்சி இல்லை. அது பிறந்தது தங்கள் ஊரில்தான் என்று க்யூபாவின் சாங்ட்டி ஸ்பீரிட்டஸ் நகரம் சொல்கிறது. மெக்சிகோவின் யுகடானும் உரிமை கொண்டாடுகிறது. பிலிப்பைன்ஸிலிருந்து கப்பலில் வந்தது என்போரும் உண்டு. வழக்கு தீரும்வரை காத்திருக்காமல் சட்டையைப் பார்ப்போம். முன்பக்கம் இரண்டு, முதுகில் மூன்று என்று நெடுகிலும் ஓடும் பட்டைகள். ஒவ்வொரு பட்டையும் நெருக்க நெருக்கமாகப் பிடித்த பொடிப்பொடி மடிப்புகளால் ஆனது. அல்ஃபோர்சா என்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அலங்காரம். கையில் எடுத்துப் பார்த்தால்தான் அதன் வேலை புரியும்: துணி பல மடங்காகச் சேர்ந்த இடத்தில் விறைப்பு வருகிறது, அந்த விறைப்பு மெல்லிய பருத்தியையோ லினனையோ உடம்பில் ஒட்டவிடாமல் செங்குத்தாக நிறுத்துகிறது. கோட்டு தன் உள்கேன்வாஸால் சாதித்ததை இது மடிப்பாலேயே சாதிக்கிறது, காற்றையும் தடுக்காமல். அடிப்பக்கம் நேர்கோடு, இரு பக்கமும் பொத்தான் வைத்த சைடு ஓப்பன். இடுப்பு அகன்றவர் உட்கார்ந்தால் அந்தத் திறப்பு விரிந்து இடம் கொடுக்கும், எழுந்தால் மூடிக்கொள்ளும். பல வருடம் ராணுவச் சீருடையிலேயே உலகத்துக்கு முகம் காட்டிய ஃபிடல் காஸ்ட்ரோ, 1994இல் கொலம்பியாவின் கார்த்தஹேனாவில் நடந்த உச்சி மாநாட்டுக்கு வெள்ளைக் குவாயபேராவில் வந்து எல்லோரையும் வியக்க வைத்தார். அப்போது அவருக்கு வயது 67. சீருடையில் தெரிந்த மிடுக்கு எதுவும் குறையவில்லை. 2010இல் க்யூப அரசு தன் அரசு விழாக்களுக்கான உடையாக அதையே அறிவித்தது.

இது ஒரு தீவின் விசித்திரம் என்று ஒதுக்கவும் முடியாது. வெயில் அடிக்கும் நாடுகள் தனித்தனியே இதே முடிவுக்கு வந்திருக்கின்றன. ரமோன் மகசேசே 1953இல் பிலிப்பைன்ஸ் அதிபராகப் பதவியேற்றபோது அணிந்தது பாரோங் தகாலோக். அன்னாசி இலை நாரில் நெய்து, பனியன் தெரியும் அளவுக்கு மெல்லியதாக, வெளியே விட்டு அணிவது. ஹவாயில் 1966 முதல் வெள்ளிக்கிழமைகளில் அலோஹா சட்டையோடு ஆபீஸுக்குப் போவது வழக்கமாகவே ஆயிற்று. பளீரென்ற பூவும் தென்னையும் போட்ட அந்தச் சட்டை நடுவயதுக்காரரைக் கோமாளியாக்கிவிடாதா என்றால், ஆக்கும். ஹவாய்க்காரர்களுக்கே அது தெரியும். அதனால்தான் ரெயின் ஸ்பூனர் நிறுவனம் அச்சிட்ட துணியின் உள்பக்கத்தை வெளியே திருப்பித் தைத்து விற்றது. பூ அப்படியே இருக்கும், நிறம் மட்டும் வெயிலில் பல வருடம் கிடந்ததுபோல மங்கித் தெரியும். நாற்பத்தைந்துக்கு மேல் நிறத்தை எப்படிக் கையாள்வது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான பாடம் எனக்குத் தெரியாது.

நம்மூரில் வரும் முதல் ஆட்சேபம் ஒழுங்கைப் பற்றியது. பள்ளிக்கூட அசெம்பிளியிலிருந்து இன்டர்வியூ வரை 'இன்' பண்ணுவதே மரியாதை என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். ஆனால் தமிழ் ஆண் தன் மிக மரியாதையான சபைகளுக்கு எப்படிப் போகிறான்? வேட்டி கட்டி, சட்டையை மேலே விட்டுக்கொண்டுதான். பெண் பார்க்கப் போகும் பெரியப்பாவும் சட்டமன்றத்துக்குப் போகும் அமைச்சரும் அப்படியே. அதே சட்டை பேன்ட்டோடு சேரும்போது மட்டும் ஒழுங்கீனமாகிறது என்றால், நாம் காப்பாற்றுவது ஒழுங்கையா, காலனி ஆபீஸின் சீருடை விதியையா? (அந்த விதியின் மிச்சத்தில்தான் 2014இல் வேட்டி கட்டிய உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரைச் சென்னையில் ஒரு கிளப் உள்ளே விடவில்லை, அதற்கென்று தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது.) தொப்பை உள்ளவர் 'இன்' பண்ணும்போது நடப்பதையும் பார்க்க வேண்டும். உடம்பு மிக அகன்ற இடத்தில் பெல்ட் ஒரு குறுக்குக்கோடு போடுகிறது. அல்லது பெல்ட் தொப்பைக்கு அடியில் இறங்கிவிட, சட்டை அதன்மேல் பையாக வழிகிறது. இரண்டிலும் ஒழுங்கு இருப்பதாகச் சொல்ல மனம் வரவில்லை.

அப்படியானால் இது தொப்பையை மறைக்கும் தந்திரம்தானே என்று கேட்கலாம். மறைப்பதுதான் நோக்கம் என்றால் இரண்டு சைஸ் பெரிதாக வாங்கிவிடலாம், பலர் அதைத்தான் செய்கிறார்கள். அங்கேதான் சறுக்கல். தொப்பைக்குப் பொருந்தும் 44ஐ வாங்கினால் அதன் தோள் தையல் கைமேல் இறங்கித் தொங்கும். தோளில் உட்காராத சட்டைக்குள் ஆள் இன்னும் பெரியவராக, இன்னும் களைத்தவராகத் தெரிகிறார். ரெடிமேடு சட்டை மார்பளவை வைத்து மற்ற எல்லாவற்றையும் கணக்குப் போடுகிறது. நடுவயது உடம்பு அந்தக் கணக்குக்குள் அடங்குவதில்லை. ஆகையால் இந்த வயதில் தையல்காரரிடம் திரும்பிப் போவது ஆடம்பரமாகாது. தோளுக்கு 40, வயிற்றுக்கு 44 என்று தைக்க அவரால்தான் முடியும். தொப்பை முன்துணியைத் தூக்கிவிடும் என்பதை அறிந்த மாஸ்டர் முன்பக்கத்தை முக்கால் அங்குலம் கூட்டி வெட்டுவார். போட்டுக்கொண்டு நின்றால் அடிக்கோடு சுற்றிலும் ஒரே மட்டத்தில் இருக்கும். நீளம், பெல்ட்டை மூடி ஜிப்பின் பாதியில் நிற்க வேண்டும். அதற்கு மேலே போனால் கையைத் தூக்கும்போது வயிறு தெரியும். கீழே போனால் குர்தா ஆகிவிடும். குர்தாவே போதுமே என்பாரும் உண்டு. ஆனால் குர்தா வந்ததுமே விசேஷம் என்று அறிவித்துவிடுகிறது. மாலை ஒரு புத்தக வெளியீட்டுக்கும் பழைய நண்பனோடு சாப்பாட்டுக்கும் அத்தனை முழக்கம் வேண்டாம். காலர் வைத்த டி-ஷர்ட்டோ பின்னல் துணி. தொப்பையின் ஒவ்வொரு வளைவையும் விசுவாசமாகப் படம்பிடிக்கும், நாலு துவையலில் காலரும் படுத்துவிடும்.

காலரில் கஞ்சத்தனம் கூடாது. மேல் பொத்தான் திறந்தே இருக்கப் போவதால், கழுத்துப்பட்டி உயரமாக, கேன்வாஸ் வைத்து நிமிர்ந்து நிற்பதாக இருக்கட்டும். தளர்ந்த கழுத்துக்கு அது ஒரு சட்டகம். துணியைப் பொறுத்தவரை மெல்லிய பாப்ளினைவிடக் கொஞ்சம் கனமான லினனோ கைத்தறிப் பருத்தியோ மேல், அவை தம் எடையிலேயே விழும். லினன் கசங்குமே என்றால், கசங்கட்டும். கசங்கிய லினனை யாரும் அழுக்குச் சட்டை என்று நினைப்பதில்லை. பேன்ட் மட்டும் கால்பக்கம் ஒடுங்கி, செருப்புமேல் மடிந்து குவியாமல் இருக்க வேண்டும். மேலே தளர்வாக விட்டதற்கு அது ஈடு. இன்னொன்று, நம் சட்டைகளில் இடது மார்பில் ஒற்றைப் பை வைத்து, அதில் போனையும் பேனாவையும் கண்ணாடியையும் திணித்து, இவ்வளவு பாடுபட்டுச் சமன்செய்த தோளை ஒருபக்கமாக இழுத்துவிடுகிறோம். குவாயபேராவில் பை நான்கு, அவற்றில் இரண்டு கீழே, கை இயல்பாகப் போய்விழும் இடத்தில். கேட்டால் நம்மூர் டெய்லரும் வைத்துத் தருவார், சாண் துணி கூடுதலாக ஆகும்.