கஞ்சி கேட்ட சிறுவன்

பசித்த சிறுவன் ஒருவன் இன்னும் கொஞ்சம் கஞ்சி கேட்டான். தலைமேல் அகப்பை பாய்ந்தது, இருட்டறையில் அடைத்தார்கள், இவனைக் கொண்டு போவோர்க்கு ஐந்து பவுன் தருவதாகக் கதவிலே அறிக்கை ஒட்டினார்கள்! சார்லஸ் டிக்கன்ஸ் 1837 முதல் 1839 வரை தொடர்கதையாக எழுதிய ‘ஆலிவர் டுவிஸ்ட்’ புதினத்தின் இந்தக் காட்சியைப் படித்து உள்ளம் கொதிக்காதவர் இரார்.

1834ஆம் ஆண்டின் ஆங்கில ஏழையர் சட்டம் வறுமையையே குற்றமாகக் கருதியது. வெளியே உழைக்கும் கடைசிக் கூலியின் வாழ்வைவிட விடுதி வாழ்வு கொடியதாக இருக்கவேண்டும் என்பது அதன் கொள்கை. கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளை வேறு பக்கம்! தந்தை கடனுக்காகச் சிறையில் கிடக்க, 12 வயதிலே காலணி மை செய்யும் ஆலையில் உழைத்தவர் டிக்கன்ஸ். அந்தப் பட்டறிவோடு விடுதியின் அறப் போர்வையைக் கிழித்துக் காட்டினார். பாராட்டுகிறோம்.

ஆனால், பாராட்டோடு நின்றுவிடுதல் பகுத்தறிவாளர்க்கு அழகன்று. கதையின் முடிவைப் பாருங்கள். செல்வர் ஒருவரின் மகன், சொத்துக்கு உரியவன் என்ற உண்மை வெளிப்பட, ஆலிவர் வாழ்வு பெறுகிறான். விடுதியிலே பிறந்து, உதை தின்று, திருடரிடையே கிடந்த அவன் கற்றோர் பேசும் ஆங்கிலம் பேசுகிறான். யார் கற்றுக் கொடுத்தது? இரத்தம் கற்றுக் கொடுத்ததாம்! திருட்டுக் கூட்டத்துச் சிறுவன் டாட்ஜர் கொச்சை பேசுகிறான், நாடு கடத்தப்படுகிறான். ஆலிவரோடு பட்டினி கிடந்த சின்னஞ்சிறு டிக் செத்தே போகிறான். அவர்களுக்குப் பணக்காரத் தந்தை இல்லை. ஆகவே கதையிலே இடமும் இல்லை! பிறப்பே சிறப்பைத் தரும் என்னும் இந்தக் குரல் நமக்குப் பழகிய குரல் அன்றோ? மனு பேசியதைத் தேம்சு ஆற்றங்கரையிலும் கேட்கிறோம்.

இரத்தமா, வளர்ப்பா? இதற்கு ருமேனியா விடை தந்தது. மக்கள்தொகையைப் பெருக்க 1966இல் அந்நாட்டு அரசு கருக்கலைப்பைத் தடை செய்தது. 1989இல் ஆட்சி கவிழ்ந்தபோது, ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் அரசு விடுதிகளிலே கிடந்தனர். அவர்களிலே பெரும்பாலோர்க்குப் பெற்றோர் உயிரோடிருந்தனர், வறுமைதான் பிரித்தது. 2000ஆம் ஆண்டு முதல் புக்கரெஸ்ட் நகரில் 136 குழந்தைகளை அறிஞர்கள் ஆராய்ந்தனர். குலுக்கல் முறையிலே பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களிடம் சேர்த்தனர். மற்றவர்க்கு வழக்கமான பராமரிப்பு தொடர்ந்தது. குடும்பத்தின் அரவணைப்பைப் பெற்றவர் அறிவு வளர்ச்சியில் முந்தினர். இரண்டு வயதுக்குமுன் சென்றவர் பெற்ற பயன் மிகுதி. குலுக்கல் சீட்டு குலம் கேட்கவில்லை. கொடுத்த அன்பு பலன் தந்தது!

‘அனாதை’ என்கிறோமே, அந்த வடசொல்லுக்கு நாதன் இல்லாதவன் என்று பொருள். குழந்தைக்கு வேண்டியவன் நாதன் அல்லன். தூக்கி அணைக்கும் கைகள். பிறந்தநாளன்று ஒருவேளைச் சோறு போட்டுப் புண்ணியக் கணக்கு எழுதுவது அந்தக் கைகளுக்கு ஈடாகாது. பெற்றோரின் வறுமை போக்கப்பட வேண்டும். பெற்றோர் இல்லாதார்க்குக் குடும்பம் வேண்டும். தலைவிதி என்று கைகழுவ எவர்க்கும் உரிமை இல்லை.

ஆலிவர்க்காகக் கண்ணீர் விட்டது போதும். எழுதுகோல் ஏந்தும் இளைஞர்களே, சொத்தும் சுற்றமும் கடைசிப் பக்கத்தில் வந்து காப்பாற்றாத டிக்கின் கதையை எழுதுங்கள்!