புயல் காரணமாக மூடப்பட்டுள்ளது

அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரத்துக் கிழக்குப் புறத்திலே, ஒரு களியாட்டப் பூங்காவின் வாயிற் பலகையில், ‘புயல் காரணமாக மூடப்பட்டுள்ளது’ என்னும் அறிவிப்பு 2005ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இடம்பெற்றது. சில நாட்களில் மீண்டும் திறக்கலாம் என்ற நினைப்பிலேயே அதனை இட்டிருப்பர். பூங்கா பின்னர் திறக்கப்படவேயில்லை. ஆனால் மூடிய கதவுகளுக்குள்ளே ஒரு தொழில் மட்டும் பல்லாண்டு நடந்துவந்தது. படப்பிடிப்பே அத்தொழில்.

2000ஆம் ஆண்டிலே ‘ஜாஸ்லாண்ட்’ என்ற பெயருடன் ஏறத்தாழ 140 ஏக்கரில் தொடங்கிய பூங்கா அது. 2003இல் சிக்ஸ் பிளாக்ஸ் என்னும் பெருங் கம்பனியின் பெயரைப் பூண்டது. ஆகஸ்டு 29ஆம் நாள் கத்ரீனா சூறாவளி தாக்கியது. வெள்ளத் தடுப்பணைகள் உடைந்தன. பூங்கா வாரக்கணக்கில் நீரில் நின்றது. சுற்றியிருந்தவை பெரும்பாலும் கறுப்பின மக்கள் வாழ்ந்த குடியிருப்புகள். அவையும் மூழ்கின. கம்பனி என்ன செய்தது? குத்தகையிலிருந்து விடுபட வழி தேடியது. ‘பேட்மேன்’ என்னும் ரோலர் கோஸ்டரைக் கழற்றி டெக்சாசிலுள்ள தனது மற்றொரு பூங்காவுக்குக் கொண்டுபோயிற்று. 2009இல் முறிவு மன்றத்தில் நின்றபோது குத்தகையையும் உதறிற்று. இலாபம் தரத்தக்க இரும்பு ஊர் மாறிப் பிழைத்தது. ஊர் மக்களை அவ்வாறு கழற்றிப் பூட்ட முடியுமா?

கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் குருக்கள்மடத்திலிருந்து இதனை எழுதுகின்றேன். 1978 நவம்பர் 23ஆம் நாளின் சூறாவளியையும், 2004 டிசம்பர் 26ஆம் நாளின் கடற்கோளையும் கண்ட கரை இது. அழிவுக்குப் பின் கமெராக்கள் வருவதும், உடைந்த தோணி நல்ல ‘காட்சி’ ஆவதும், தோணிக்காரன் சட்டத்துக்கு வெளியே நிற்பதும் நம்மவர்க்குப் புதியன அல்ல. எனவேதான் அப்பாழடைந்த பூங்காவிலே பிறந்த படங்களைச் சற்று நின்று நோக்க வேண்டியவராகின்றோம்.

‘பேர்சி ஜாக்சன்: சீ ஒவ் மொன்ஸ்டேர்ஸ்’ (2013) அவ்விடத்தை மாயக்காரி ஒருத்தியின் சிதைந்த களியாட்டத் தீவாகக் காட்டுகின்றது. ஒற்றைக்கண் அரக்கன் அங்கே வாழ்கிறான். துருவும் புதரும் அசலானவை, வெள்ளம் விட்டுச்சென்றவை. ஆனால் கதையிலே அழிவுக்குக் காரணம் புராணம். உடைந்த அணையையும் கைவிட்ட கம்பனியையும் பற்றிப் படத்துக்கு அக்கறையில்லை. ‘ஜுராசிக் வேர்ல்ட்’ (2015) இன்னும் விசித்திரமானது. செத்துப்போன பூங்காவிலே, இருபதினாயிரம் பேர் உலாவும் கற்பனைப் பூங்கா ஒன்றின் கடைத்தெருவைப் புதிதாகக் கட்டினர். கம்பனிகளின் பேராசையைக் கண்டிப்பதாகவே அப்படம் தன்னைக் காட்டிக்கொள்கின்றது. சில இடங்களிற் கூர்மையாகவும் கண்டிக்கின்றது. ஆயினும் அதிலே மிக நீண்டு, மிகக் கொடூரமாகச் சாகின்றவள் யார்? முதலாளியா? நிர்வாகியா? அல்லர். நிர்வாகியின் உதவியாளாக வேலை செய்யும் ஸாரா என்ற பெண். பறவை மிருகங்கள் அவளைத் தூக்கி எறிந்து பிடித்து விளையாடுகின்றன. இறுதியில் நீர்மிருகம் விழுங்குகின்றது. கூலிக்கு வேலை செய்தவளின் சாவு ஒரு சவாரியாக நமக்கு விற்கப்படுகின்றது. ஒரு பில்லியனுக்கு மேற்பட்ட டொலரை ஈட்டிய படம் இது.

இவற்றுள் மதிக்கத்தக்கது ‘டீப்வோட்டர் ஹொரைசன்’ (2016). பூங்காவின் வாகனத் தரிப்பிடத்திலே எண்ணெய்த் துரப்பண மேடையொன்றை ஏறத்தாழ உண்மை அளவில் எழுப்பி அதனை எடுத்தார்கள். 2010 ஏப்ரில் 20ஆம் நாள் மெக்சிக்கோ வளைகுடாவில் வெடித்த மேடை அது. மாண்டவர் பதினொரு தொழிலாளர். சேறும் இரும்பும் வியர்வையும் நிறைந்த உழைப்பைப் படம் பொறுமையுடன் காட்டுகின்றது. சிக்கனத்துக்காகச் சோதனையைத் தவிர்க்கத் துடிக்கும் பி.பி. கம்பனியைப் பெயர் சொல்லிக் குற்றஞ்சாட்டுகின்றது. முடிவில் அப்பதினொருவரின் முகங்களையும் காட்டுகின்றது. ஆனால் அதன் பின் 87 நாட்கள் கடலிற் பாய்ந்த எண்ணெயையும், வலையைச் சுருட்டிவைத்த மீனவரையும் ஏறக்குறைய மறந்துவிடுகின்றது. தீ அணைந்ததும் சினிமாவுக்குக் கதை முடிந்துவிடுகின்றது. மீனவனுக்கு அன்றுதான் தொடங்குகின்றது.

சினிமா என்றுமே இப்படித்தான் இருந்தது எனக் கூறுவது நியாயமாகாது. நியூ யோர்க்கின் கோனி தீவை முன்னர்ப் படம்பிடித்தவர்களுட் சிலர் அங்கே மனிதரைக் கண்டார்கள். போல் பெயோஷின் ‘லோன்சம்’ (1928) படத்திலே தொழிற்சாலை யந்திரத்தின் முன் நின்று களைத்தவனும், தொலைபேசி நிலையத்திற் குரல்களை இணைத்துக் களைத்தவளும் அரைநாள் விடுமுறையில் அங்கே சந்திக்கின்றனர். சனத்திரளில் ஒருவரையொருவர் தொலைக்கின்றனர். கடைசியில் ஒரே கட்டடத்தில் அடுத்தடுத்த அறைகளில் வாழ்வதைக் கண்டறிகின்றனர். வாரமெல்லாம் யந்திரத்தால் உலுக்கப்பட்டவன் விடுமுறையிலே காசு கொடுத்து வேறோர் யந்திரத்தால் உலுக்கப்படுகின்றான் என்ற உண்மையை இதைவிட எளிதாகச் சொன்ன படம் அரிது. (நமது பகுதியின் கொம்புமுறியிலே ஊரே வடசேரி, தென்சேரியாகப் பிரிந்து நின்றது, சீட்டு வாங்க வேண்டியிருக்கவில்லை.) ‘லிட்டில் பியூஜிற்றிவ்’ (1953) படத்துச் சிறுவனோ, குதிரைச் சவாரிக்குக் காசு தேட மணலில் கிடக்கும் வெற்றுப் போத்தல்களைப் பொறுக்குகின்றான். ஏழு வயதுக் குழந்தைக்கும் களிப்பு, கூலி உழைப்புக்குப் பின்னரே கிடைக்கின்றது. படம் இதனைப் பிரசங்கமாக்கவில்லை. குனிந்து நிமிரும் அவன் முதுகைக் காட்டுகின்றது, அவ்வளவே.

அங்கிருந்த ஸ்டீப்பிள்சேஸ் பூங்கா 1964இல் மூடப்பட்டது. அதை வாங்கிய வீட்டுமனை முதலாளி பிரெட் ட்ரம்ப் 1966இல் இடிப்பு விழா ஒன்றை நடத்தி, விருந்தினர் கையிற் செங்கற்களைக் கொடுத்துக் கண்ணாடி மண்டபத்தின்மீது எறியச் செய்தார். உழைப்பாளர் மூன்று தலைமுறையாகச் சிரித்த இடத்தை உடைப்பதும் ஒரு வேடிக்கையாயிற்று. அவர் எண்ணிய அடுக்குமாடிகள் அங்கே எழவில்லை.

தமிழ்நாட்டிலே பூங்காவும் சினிமாவும் ஒரே கையிலிருந்து பிறந்ததுமுண்டு. 1984இல் ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ என்னும் முப்பரிமாணப் படத்தைத் தயாரித்த நவோதயா அப்பச்சனே, 1995இல் தாம்பரத்துக்கு அருகே ‘கிஷ்கிந்தா’வைத் திறந்தார். அப்படத்திற் குழந்தைகள் சுவரிலும் கூரையிலும் நடக்கும் பாட்டை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். அறையையே சுழலச் செய்து எடுத்த காட்சி அது. திரைக்குப் பின்னாலுள்ள யந்திரம் வெளியே வந்து சீட்டு விற்றபோது, அதுவே பூங்காச் சவாரியாயிற்று. 2016 மே மாதம் அங்கே புதிய சவாரியொன்றைச் சோதித்துப் பார்க்கையில் அது சரிந்தது. ஊழியர் ஒருவர் இறந்தார். வேறு பலர் காயமடைந்தனர். பார்வையாளர் ஏறுமுன் யந்திரத்தின் குறையைத் தம் உடலால் அறிந்தவர்கள் அவர்கள்.

நியூ ஓர்லியன்ஸ் பூங்காவை இடித்தகற்றும் வேலை 2024இல் தொடங்கியது. இனி அதன் உருவத்தைக் காண விரும்புவோர் படங்களையே நாடவேண்டும். ‘குளோஸ்ட் ஃபோர் ஸ்டோர்ம்’ (2020) என்ற விவரணப் படம் அந்தப் பூங்காவின் கதையையே பொருளாகக் கொண்டுள்ளது. அதன் பெயர் வாயிற் பலகையிலிருந்த அதே சொற்கள். கோடிக்கணக்கானோர் பார்த்த மற்றப் படங்களிலே அப்பலகைக்கு இடமில்லை. அங்கே அரக்கன் நிற்கிறான், பல்லிமிருகம் நிற்கிறது.