பதக்கமும் பயிற்றுநரும்

பயிற்றுநர் ஒருவரின் திறனைப் பதக்கம் ஒன்றைக் கொண்டே அளத்தல் பொருந்தாது. இந்திய ஆடவர் ஹொக்கி அணி 2021இல் டோக்கியோவிலும் 2024இல் பாரிசிலும் ஒலிம்பிக் வெண்கலமே பெற்றது. முன்னதிற் பயிற்றுநர் கிறஹாம் றீட். பின்னதிற் கிறேக் புல்ட்டன். பதக்கம் ஒன்றேயாதலின் அணியின் நிலையும் ஒன்றே எனக் கொள்ளலாமோ?

இரு களத்தும் அணி ஆடியவை எட்டு ஆட்டங்களே. டோக்கியோவில் அடித்த கோல்கள் 25, விட்டுக்கொடுத்தவை 23. பாரிசில் அடித்தவை 15, விட்டுக்கொடுத்தவை 12. கோற்காவலர் இரு முறையும் சிறீஜேஷே. ஆகவே, இழப்பு ஏறத்தாழப் பாதியாகியமைக்குக் காரணத்தை அவர் முன்னின்ற தற்காப்பின் ஒழுங்கிலேயே தேடல் வேண்டும். காலிறுதியில் ஒருவர் வெளியேற்றப்பட்டபின், நாற்பது நிமிடத்துக்கு மேலாகப் பதின்மராய் நின்று பிரித்தானியாவை 1–1 எனத் தடுத்து, ஈற்றில் சமநிலை முறிப்பில் வென்றமை இதற்குச் சான்று. இப்பெருமை பயிற்றுநரையும் சாரும்.

எனினும், அடித்த 15 கோல்களுள் 10 ஹர்மன்பிரீத் சிங் ஒருவருடையவை. தாக்குதல் வளம் பெருகிற்று என்பதற்கு இக்கணக்கு இடந்தரவில்லை. புல்ட்டன் அரணை உயர்த்தினார், படையைப் பெருக்கினாரல்லர். இரண்டையும் பிரித்து நோக்குவதே நடுநிலைத் தீர்ப்பாகும்.