கான்டாக்ஸ் 645: ஒரு ரோலுக்குப் பதினாறு படம்

கான்டாக்ஸ் 645, ஜப்பானின் கியோசெரா நிறுவனம் 1999-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த மீடியம் ஃபார்மட் ஃபிலிம் கேமரா. ஒரு 120 ரோலில் 56 × 41.5 மி.மீ. அளவில் 16 படங்கள் எடுக்கும். ஒவ்வொரு படத்தின் பரப்பும் 35 மி.மீ. ஃபிலிம் படத்தைப்போல ஏறக்குறைய 2.7 மடங்கு. 2005-இல் கியோசெரா கான்டாக்ஸ் கேமராத் தொழிலைக் கைவிடுவதாக அறிவித்தது. ஆறே ஆண்டில் கதை முடிந்த இந்தக் கருவி இன்றும் பல ஆயிரம் டாலருக்குக் கைமாறுகிறது. வாங்குபவர்களில் கணிசமானோர் திருமணப் படம் எடுப்பவர்கள். கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஹோசே வியா இந்தக் கேமராவையும் ஃபூஜி 400ஹெச் ஃபிலிமையும் வைத்து உருவாக்கிய வெளிறிய, மென்மையான படங்களும், 2011-இல் வெளிவந்த அவருடைய ‘ஃபைன் ஆர்ட் வெட்டிங் ஃபோட்டோகிராஃபி’ நூலும் அந்தப் பாணியைப் பரவலாக்கின.

அந்தப் பாணி அதிகம் செல்லுபடியாகும் இடம் மண்டபம் அல்ல, வெட்டவெளி. அமெரிக்காவில் ‘எலோப்மென்ட்’ என்பதற்கு இப்போது வீட்டுக்குத் தெரியாமல் ஓடிப்போவது என்று மட்டும் பொருளில்லை. மணமக்கள் இருவர் மட்டுமோ, மிஞ்சினால் பத்துப் பன்னிரண்டு பேர் கூடியோ மலையடிவாரத்திலும் ஏரிக்கரையிலும் திட்டமிட்டு நடத்தும் சிறு திருமணத்தையும் அப்படித்தான் அழைக்கிறார்கள். சங்கப் பாட்டின் உடன்போக்கு நினைவுக்கு வரலாம். ஆனால் இங்கே பின்னால் தேடிவரும் செவிலித்தாய் கிடையாது. பூங்கா நிர்வாகம் கொடுத்த அனுமதிச்சீட்டுதான் உண்டு. கொலராடோ மாநிலச் சட்டப்படி மணமக்கள் தங்கள் திருமணத்தைத் தாங்களே நடத்திக்கொள்ளலாம். நடத்திவைப்பவரோ சாட்சியோ கட்டாயமில்லை. ராக்கி மவுண்டன் தேசியப் பூங்காவின் ஸ்ப்ரேக் ஏரி இத்தகைய திருமணங்களுக்கு ஒதுக்கப்பட்ட இடங்களில் ஒன்று. விடியலில் மேற்கே ஹாலெட் சிகரத்தின் மேல் முதல் வெயில் படும்போது கரையில் மூன்றே பேர் நிற்பார்கள்: மணமக்கள், படம் எடுப்பவர். கான்டாக்ஸ் 645-ஐ எடைபோட இதைவிடப் பொருத்தமான இடம் அமைவது கடினம்.

கையில் எடுத்தால் முதலில் தெரிவது எடை. உடல், பிரிஸம் வியூஃபைண்டர், ஃபிலிம் பின்பகுதி, 80 மி.மீ. லென்ஸ் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய இரண்டு கிலோ. ஆனால் எடை வலதுகைப் பிடியில் சரியாக அமர்கிறது; பெட்டி வடிவ ஹாசல்பிளாட் 500 வரிசையைப்போல இரு கையாலும் ஏந்த வேண்டியதில்லை. ஷட்டர் வேகம் மேலே ஒரு சக்கரத்தில், அபர்ச்சர் லென்ஸைச் சுற்றிய வளையத்தில். மெனு என்று எதுவும் இல்லை. படம் எடுத்ததும் உள்ளிருக்கும் மோட்டார் ஃபிலிமை நகர்த்திவிடும், வினாடிக்கு 1.6 படம் என்ற நிதானத்தில். ஃபிலிமின் ஓரத்தில் ஷட்டர் வேகம், அபர்ச்சர் ஆகியவற்றைப் பதிக்கும் வசதியும் உண்டு. ஏரிக்கரையில் குறிப்பேட்டைத் திறக்க நேரம் இருக்காது என்பதால் இது சின்ன வசதியாகத் தோன்றினாலும் பெரிய உதவி.

கேமராவின் உயிர் அதன் கார்ல் ஸைஸ் பிளானார் 80 மி.மீ. எஃப்/2 லென்ஸில் இருக்கிறது. 35 மி.மீ. கணக்கில் இது 50 மி.மீ. லென்ஸின் பார்வைக் கோணத்தைத் தரும்; பின்னணி மங்கும் அளவோ அங்கே எஃப்/1.2 ஒன்றுக்குச் சமம். ஒன்றரை மீட்டர் தூரத்தில் முழுத் திறப்பில் எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய ஏழு சென்டிமீட்டர். கண்ணிமை தெளிவாக இருக்கும், காது கரையத் தொடங்கும், பின்னாலுள்ள பைன் மரங்கள் பச்சைப் புகையாகிவிடும். கலங்கலான பின்னணியில் மங்கலிலிருந்து தெளிவுக்கு மாறும் இடம் திடுக்கென்று வெட்டாமல் படிப்படியாக வருவதுதான் இந்த லென்ஸின் புகழுக்குக் காரணம்.

இவ்வளவு அகலத் திறப்பைப் பகல் வெளிச்சத்தில் பயன்படுத்த வேகமான ஷட்டர் வேண்டும். மற்ற மீடியம் ஃபார்மட் கேமராக்கள் பின்தங்கும் இடம் இதுவே. நிழலில் நிற்கும் மணமக்களை, ஐஎஸ்ஓ 400 ஃபிலிமை 200 என்று கணக்கிட்டு எஃப்/2-இல் எடுத்தால் 1/1600 வினாடி வாக்கில் தேவைப்படும். லென்ஸுக்குள்ளேயே ஷட்டர் வைத்த ஹாசல்பிளாட் 500 வரிசை 1/500-உடன் நின்றுவிடும். அதன் 80 மி.மீ. லென்ஸும் எஃப்/2.8-க்கு மேல் திறக்காது. கான்டாக்ஸின் திரை ஷட்டர் 1/4000 வரை போகும். உச்சி வெயிலில் இதுவும் போதாது: அதே ஃபிலிமுக்கு எஃப்/2-இல் 1/12,800 தேவைப்படும். அதனால் நடுப்பகல் திருமணத்தில் எஃப்/4-க்கு மூட வேண்டும், அல்லது நியூட்ரல் டென்சிட்டி ஃபில்டர் மாட்ட வேண்டும். ‘கான்டாக்ஸ் பாணி’ என்று பெயர் பெற்ற படங்கள் பெரும்பாலும் மர நிழலிலும், பின்னாலிருந்து வரும் மாலை வெயிலிலும் எடுக்கப்பட்டவை என்பது ரசனையால் மட்டும் அமைந்ததல்ல.

ஆட்டோஃபோகஸ் இதன் பலவீனம். நடுவில் ஒரே ஒரு புள்ளி. வெளிச்சம் நன்றாக இருந்து, மணமக்கள் அசையாமல் நின்றால் பிடித்துவிடும்; நடந்து வரும் ஆளைத் தொடர இயலாது. விடியற்காலை மங்கலில் முன்னும் பின்னும் தேடித் தடுமாறும். நடுப்புள்ளியில் ஃபோகஸ் பிடித்து, பிறகு கேமராவைத் திருப்பிச் சட்டகம் அமைத்தால் ஏழு சென்டிமீட்டர் ஆழத்தில் சிறு பிசகும் காட்டிக்கொடுத்துவிடும். அனுபவசாலிகள் பலர் லென்ஸைக் கைமுறை ஃபோகஸில் வைத்து, திரையில் கண்ணால் பார்த்தே பிடிக்கிறார்கள். பெரிய, பிரகாசமான வியூஃபைண்டர் இதற்கு இடம் கொடுக்கிறது. மணப்பெண் தந்தையின் கை பிடித்து நடந்து வரும் காட்சிக்கு, அவர்கள் வந்து சேரும் ஓர் இடத்தில் முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துக் காத்திருப்பதே உருப்படியான வழி.

கேமராவுக்குள் நடுப்பகுதிக்கு முக்கியத்துவம் தரும் மீட்டரும் ஸ்பாட் மீட்டரும் உண்டு. இரண்டும் நம்பகமானவை. ஆனாலும் வெள்ளை கவுனும் கறுப்பு கோட்டும் பக்கம் பக்கமாக நிற்கும் இடத்தில் எந்தப் பிரதிபலிப்பு மீட்டரும் ஏமாறும். ஆகவே கைமீட்டர் இல்லாமல் இந்த வேலைக்கு யாரும் கிளம்புவதில்லை. மீட்டரை முகத்தருகே நிழல் பக்கம் பிடித்து அளந்து, கலர் நெகட்டிவ் ஃபிலிமுக்கு ஒரு ஸ்டாப் கூடுதலாகவே வெளிச்சம் கொடுப்பது வழக்கம். நெகட்டிவில் கூடுதல் வெளிச்சத்தால் நிழல் பகுதிகள் அடர்த்தி பெறும், குருணை அடங்கும். குறைந்துபோனால் சேறுபோலக் கலங்கி நிறமும் திரியும். டிஜிட்டலில் பழகியவர்கள் வெளுத்துவிடுமோ என்று பயந்து குறைத்துக் கொடுப்பார்கள். இங்கே பயப்பட வேண்டியது இருட்டுக்குத்தான்.

ஃபூஜி 400ஹெச் இப்போது தயாரிப்பில் இல்லை. மூலப்பொருள் கிடைப்பது கடினமாகிவிட்டதாகச் சொல்லி 2021 ஜனவரியில் அதன் நிறுத்தத்தை ஃபூஜிஃபிலிம் அறிவித்தது. வழக்கமான மூன்று நிற அடுக்குகளுடன் நான்காவதாக ஓர் அடுக்கு அதில் இருந்தது. இலைப் பச்சையைப் புதினா நிறத்துக்கு வெளுக்கவைத்த அந்தக் குணத்தை வேறெந்த ஃபிலிமும் அப்படியே தருவதில்லை. இன்று அந்த இடத்தில் இருப்பது கோடாக் போர்ட்ரா 400. 2010-இல் இப்போதைய வடிவில் வந்த இது தோல் நிறத்தைக் கொஞ்சம் இளஞ்சூடாகக் காட்டும். இரண்டு ஸ்டாப் கூடுதலாகப் போனாலும் தாங்கும். விடியலுக்கும் அந்திக்கும் போர்ட்ரா 800, கறுப்பு வெள்ளைக்கு இல்ஃபோர்ட் ஹெச்பி5 பிளஸ் அல்லது கோடாக் டிரை-எக்ஸ். பழைய ஆல்பங்களைக் காட்டி அதே வெளிறிய பச்சை வேண்டும் என்று மணமக்கள் கேட்டால், இன்று கிடைக்காது என்று நேராகச் சொல்லிவிடுவது நல்லது.

பதினாறு படத்தில் ரோல் முடிந்துவிடும் என்பதைக் குறையாகத்தான் பலர் எழுதுகிறார்கள். ஐந்நூறு பேர் வரும் கல்யாணத்துக்கு அது குறையே. இருவர் நின்று பத்து நிமிடத்தில் உறுதிமொழி படித்து மோதிரம் மாற்றும் சடங்குக்கு ஒரு ரோல் தாராளம். அளவு முன்பே தெரிவதால் எங்கே செலவழிப்பது என்று திட்டமிட முடிகிறது. சடங்குக்கு ஒன்று, அதன்பின் இருவரின் உருவப்படங்களுக்கு மூன்று நான்கு, நிலக்காட்சிக்கும் சின்னச் சின்ன விவரங்களுக்கும் ஒன்று என்று ஆறு ரோலில் காலைப் பொழுது முடிந்துவிடும். ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. பதினைந்தாவது படத்தில் முத்தத்துக்குக் காத்திருக்கும்போது ரோல் தீரும். அதைத் தவிர்க்க, ஃபிலிம் ஏற்றிய இரண்டாவது பின்பகுதியைப் பையில் வைத்திருக்க வேண்டும். டார்க் ஸ்லைடைச் செருகி ஒன்றைக் கழற்றி மற்றொன்றை மாட்டச் சில வினாடிகள் போதும். புது ரோல் ஏற்றுவதற்குப் பழகிய கைக்கே அதைவிட நேரம் பிடிக்கும். ஸ்லைடை உருவ மறந்தால் ஷட்டர் இயங்காது என்பதால் வெற்றுப் படம் விழும் அபாயம் இல்லை. 32 படம் தரும் 220 ரோலுக்காக, ஃபிலிமை உறிஞ்சித் தட்டையாக வைக்கும் வெற்றிட அமைப்பு ஒன்றையும் கியோசெரா செய்தது. அழகான பொறியியல், ஆனால் 220 ஃபிலிமே அரிதாகிவிட்டது.

ஓசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரிய கண்ணாடி எழும்பி விழும் சத்தமும் மோட்டார் இழுக்கும் சத்தமும் மண்டபத்தில் கேட்காது. காற்றில்லாத ஏரிக்கரையில் நன்றாகவே கேட்கும். எதிரில் நின்று உறுதிமொழி வாசிப்பவரின் குரலை அது இடைமறிக்கும். 140 மி.மீ. எஃப்/2.8 ஸொன்னார் லென்ஸை மாட்டிப் பத்தடி பின்வாங்கி நிற்பதே இதற்குத் தீர்வு. கண்ணாடியின் அதிர்வு காரணமாக 80 மி.மீ. லென்ஸில் 1/125-க்குக் கீழே கையில் பிடித்து எடுப்பதும் சரிவராது.

கேமரா முழுக்க மின்சாரத்தில் ஓடுவது. ஒரு 2சிஆர்5 லித்தியம் பேட்டரி தீர்ந்தால் இரண்டு கிலோ இரும்பைத்தான் சுமந்து திரிய வேண்டும். மாற்று பேட்டரியை மலைக்குளிரில் பைக்குள் விடாமல் சட்டைப் பையில் வைத்திருப்பது பழக்கம். குளிரிலிருந்து காரின் வெப்பத்துக்குள் நுழைந்ததும் லென்ஸில் நீர் பூக்கும். கேமராவைப் பைக்குள்ளேயே மூடிவைத்து மெதுவாகச் சூடேற விட வேண்டும். விமானத்தில் போனால் ஃபிலிமைக் கைப்பையில் எடுத்துக்கொண்டு, கையால் சோதிக்கும்படி கேட்க வேண்டும். விமான நிலையங்களில் இப்போது பரவிவரும் சிடி ஸ்கேனர்கள் ஒரே முறையிலேயே ஃபிலிமைப் புகைமூட்டமாக்கக்கூடியவை.

எடுத்த ரோல் லேபுக்குப் போகும். சி-41 முறையில் 37.8 டிகிரி செல்சியஸில் 3 நிமிடம் 15 வினாடி டெவலப்பரில் கழுவப்படும். ஸ்கேன் செய்யும் இயந்திரம் ஃபூஜி ஃபிரான்டியர் எஸ்பி-3000 ஆகவோ நோரிட்சு ஹெச்எஸ்-1800 ஆகவோ இருக்கும். ஒரே நெகட்டிவை இரண்டிலும் போட்டால் இரண்டு விதமான தோல் நிறம் வரும். ஸ்கேன் செய்பவர் எவ்வளவு வெளுப்பாக வைக்கிறார் என்பதிலும் படம் மாறும். அந்தப் பாணியின் புகழில் கேமராவுக்குச் சேர வேண்டியது மூன்றில் ஒரு பங்குதான் என்று சொல்வதில் தவறில்லை. மற்றவை ஃபிலிமுக்கும் லேபுக்கும் உரியவை. டெவலப் செய்யாத ரோலுக்கு நகல் கிடையாது. தபாலில் தொலைந்தால் தொலைந்ததுதான். ஆகவே கான்டாக்ஸை மட்டும் நம்பி ஒரு திருமணத்தை ஒப்புக்கொள்வது அசட்டுத் துணிச்சல். சடங்கின் நகரும் காட்சிகளுக்கு கேனன் இஓஎஸ்-1வி போன்ற 35 மி.மீ. கேமராவோ ஒரு டிஜிட்டல் கேமராவோ இன்னொரு தோளில் தொங்க வேண்டும்.

மாற்றுகள் உண்டு. பென்டாக்ஸ் 645என் 1997-இலேயே ஆட்டோஃபோகஸுடன் வந்தது. விலை குறைவு, உழைப்பும் அதிகம், ஆனால் ரோல் பாதியில் இருக்கும்போது ஃபிலிம் பகுதியை மாற்ற முடியாது. பென்டாக்ஸ் 67-இன் 105 மி.மீ. எஃப்/2.4 லென்ஸ் பிளானாருக்கு நிகராகப் பேசப்படுவது. ரோலுக்குப் பத்தே படம், ஃபிளாஷ் ஒத்திசைவு 1/30 வினாடிதான். கான்டாக்ஸில் அது 1/125. கைமுறை ஃபோகஸுக்குத் தயாரானவர்களுக்கு மமியா 645 வரிசையும் அதன் 80 மி.மீ. எஃப்/1.9 லென்ஸும் கான்டாக்ஸ் விலையின் ஒரு சிறு பகுதிக்கு, ஏறக்குறைய அதே ஆழத்தைத் தரும். புதிதாகத் தொடங்குபவருக்கு மமியாதான் அறிவார்ந்த தேர்வு. கான்டாக்ஸை ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

அப்படியும் வாங்கத்தான் வேண்டும் என்றால், தயாரிப்பாளரின் சேவை மையம் இல்லை, உதிரிபாகம் இன்னொரு பழுதான கேமராவிலிருந்துதான் வரும் என்பதை ஏற்றுக்கொண்டே வாங்க வேண்டும். திரையில் எழுத்துகள் முழுமையாகத் தெரிகின்றனவா, பின்பகுதியின் மின்தொடர்புப் புள்ளிகள் சுத்தமாக இருக்கின்றனவா, ஒவ்வொரு ஷட்டர் வேகமும் ஓடுகிறதா என்று கடையிலேயே பார்க்கலாம். மற்றதை ஒரு ரோல் எடுத்துக் கழுவினால்தான் தெரியும். நெகட்டிவை விளக்குப் பலகையில் விரித்து, 16 படங்களுக்கும் இடையிலுள்ள வெற்று இடைவெளி ஒரே சீராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் அந்தப் பின்பகுதியின் ஃபிலிம் நகர்த்தும் பற்சக்கரம் தேய்ந்துபோயிருக்கலாம். வேறு பின்பகுதியை மாட்டி இன்னொரு ரோல் ஓட்டிப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.