போலீசு வர்ற நேரமும் திருப்பி அடிக்கிற கையும்

தலித் எழுத்தைப் பற்றிப் பேசுகிற கூட்டம் எதில் போய் உட்கார்ந்தாலும் ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடும். உங்க கதையில எல்லாரும் அடி வாங்கிட்டே இருக்காங்களே, ஏன் திருப்பி அடிக்க மாட்டேங்கிறாங்க? அதே ஆள் கையில் திருப்பி அடிக்கிற கதை ஒன்றைக் கொடுங்கள். சட்டத்தைக் கையில் எடுக்கலாமா, போலீசுக்குப் போயிருக்கலாமே என்பார். இரண்டும் ஒரே கேள்விதான். காப்பாற்றிக்கொள்கிற பொறுப்பு முழுவதையும் அடி வாங்குகிறவன் தலையில் கட்டுகிற கேள்வி. நாம் எழுதுகிற விமர்சனத்திலும் இது பதுங்கி உட்கார்ந்திருக்கிறது.

சட்டமும் இப்படித்தான் பேசுகிறது. இந்தியத் தண்டனைச் சட்டம் 96 முதல் 106 வரை தற்காப்பு உரிமையைக் கொடுத்தது. நடுவில் 99ஆம் பிரிவு ஒரு பூட்டும் போட்டது: அரசு அதிகாரிகளிடம் போய்ப் பாதுகாப்புக் கேட்க நேரம் இருந்தால் அந்த உரிமை கிடையாது. 2024 ஜூலையில் சட்டத்தின் பெயர் பாரதிய நியாய சன்ஹிதா என்று மாறியது. அதே பூட்டு 37ஆம் பிரிவில் தொங்குகிறது. நேரம் இருந்தால் என்கிறார்களே, அதை எந்தக் கடிகாரத்தில் பார்ப்பது? எங்க ஐயங்கார்குளத்தில் சித்ரா பௌர்ணமிக்கு வரதராஜப் பெருமாள் நடவாவிக் கிணற்றுக்கு எழுந்தருளும்போது பந்தோபஸ்து சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கும். காலனிக்குன்னா அது வேற கடிகாரம். கூப்பிட்டா லேட்டா வரும், வந்தா நம்ம பசங்களத்தான் மொதல்ல வண்டியில ஏத்தும்னு பேசிக்கிறது ஏதோ வெறுப்பில் சொல்வதில்லை. அனுபவத்தில் வந்த கணக்கு அது. (பக்கத்து உத்திரமேரூர்க் கல்வெட்டைக் காட்டி ஜனநாயகம் என்று பூரிக்கிறார்களே, அந்தக் குடவோலையில் பேர் எழுதவும் சொந்த நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். விதி எழுதினவன் தன்னை மாதிரி ஆளை மட்டுமே நினைத்து எழுதியிருக்கிறான்.)

ரொம்ப தூரம் போக வேண்டாம். காரணையில் பஞ்சமி நிலத்தைக் கேட்டு, அங்கே வைத்த அம்பேத்கர் சிலையை எடுத்ததை எதிர்த்து, 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் திரண்டவர்கள் அரசிடம்தான் போனார்கள். சட்டம் சொன்ன வழியே அதுதான். துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். அப்போது காஞ்சிபுரமும் அதே மாவட்டம்.

கீழவெண்மணிக்கு வருவோம். 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் ராமையாவின் குடிசைக்குள் எரிந்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். வந்தவர்களிடம் துப்பாக்கி இருந்தது. இவர்களிடம் கல். எறிய முடிந்தவர்கள் எறிந்தார்கள், ஓட முடிந்தவர்கள் ஓடினார்கள், முடியாதவர்கள் குடிசைக்குள் ஒதுங்கினார்கள். ஒதுங்கினதும் தற்காப்புதான். 1973இல் உயர் நீதிமன்றம் நிலக்காரர்களை விடுதலை செய்தது. கார் வைத்திருக்கும் பணக்காரர்கள் நடந்து போய்த் தீ வைத்திருப்பார்களா என்று ஐயப்பட்டது. இந்த இரவை வைத்து இந்திரா பார்த்தசாரதி எழுதிய ‘குருதிப்புனல்’ 1977இல் சாகித்ய அகாதெமி பரிசு வாங்கியது. டெல்லியிலிருந்து வந்த படித்தவர்களின் கண்ணில் ஊரைப் பார்க்கிற நாவல் அது. கடைசியில் எல்லாக் கொடுமைக்கும் முடிச்சு நாயுடுவின் ஆண்மைக் குறையில் போய் விழுகிறது. கூலிக்காரர்கள் என்ன யோசித்தார்கள், யார் காவல் இருந்தார்கள், எந்தப் பக்கம் ஓடத் தீர்மானித்தார்கள் என்பதற்கு அங்கே இடமே இல்லை. எரிவதற்கு மட்டுமே சனங்கள் வருகிறார்கள்.

பூமணியின் ‘வெக்கை’ (1982) வேறு ரகம். பதினைந்து வயசுப் பையன் அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிட்டு அப்பனோடு ஓடுகிறான். ஆனால் நாவல் வெட்டில் நிற்கவில்லை. ஒளிகிறது, சமைக்கிறது, பயப்படுகிறது, காத்திருக்கிறது. கடைசியில் சரணடையப் போவது போலீஸ் ஸ்டேஷனுக்கு இல்லை, கோர்ட்டுக்கு. இந்த ஒரு முடிவில் பூமணி அரசைப் பற்றிய முழு விமர்சனத்தையும் வைத்துவிட்டார் என்பது என் எண்ணம். 2019இல் இதை ‘அசுரன்’ படமாக எடுத்தபோது அந்தக் காத்திருப்பு மெலிந்து அப்பனின் அடி பெருத்துவிட்டது. நம்ம பசங்க விசில் அடித்தார்கள், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் திருப்பி அடி என்று 90களில் மேடையில் ஒலித்தது ஒரு கூட்டத்தைப் பார்த்துச் சொன்ன சொல். கதைக்குள் வரும்போது அது ஒரே ஒரு ஆம்பிளையின் கை ஆகிப்போகிறது. மறுநாள் இரு தரப்பு மேலயும் கேஸ் போடுவானே, வாய்தாவுக்கு நடக்கிறது யார், வீட்டில் அடுப்பு எரிகிறதா என்பதை அந்தக் கதைகள் எழுதுவதில்லை.

எழுதியது பாமா. ‘கருக்கு’ (1992) வந்த நாளிலிருந்து அதை வலியின் புத்தகம் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம். எனக்கு அது தற்காப்பின் புத்தகமும்கூட. சுடுகாட்டுத் தகராறில் போலீஸ் வந்து தெருவை அடித்து நொறுக்குகிற பகுதியைத் திரும்பப் படியுங்கள். ஆம்பிளைகள் ஒளிந்துகொள்கிறார்கள். பெண்கள் தெருவைத் தாங்குகிறார்கள். பிள்ளை செத்துக் கிடக்க, ஒளிந்திருக்கிற தகப்பனுக்குச் சேலை கட்டிக் கூட்டிவந்து முகம் பார்க்க வைக்கிறார்கள். அரிவாளும் இல்லை, அவசர போனும் இல்லை. ஒரு சேலையும் நாலு பெண்களின் புத்தியும்தான் இருந்தது. இதைக் கோழைத்தனம் என்று படிக்கிறவனுக்குத் தற்காப்பு என்றால் என்னவென்று தெரியாது. சேலை கட்டியதில் மானம் போச்சு என்று நம்மிலேயே ஒருத்தர் சொன்னால், அது யார் மானம் என்று கேட்க வேண்டும்.

இன்றைக்கு 100 இருக்கிறது, 112 இருக்கிறது, வன்கொடுமைக்கென்று 14566ம் இருக்கிறது. கூப்பிட வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. கூப்பிட்டது பதிவாகும், பின்னால் வழக்குக்கு ஆகும். ஆனால் 1995ஆம் வருச வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் 3ஆவது விதியைப் படித்தவர்கள் குறைவு. பதற்றமான இடத்தில் தேவைப்பட்டால் ஆதிக்கசாதியாரின் துப்பாக்கி உரிமத்தை ரத்து செய்யலாம், நம்மவர்களுக்கு உரிமம் கொடுக்கலாம் என்கிறது. தன் கை எட்டாத இடம் உண்டென்று அரசே எழுத்தில் ஒப்புக்கொண்ட வரி அது. அப்புறம் எந்த முகத்தோடு 37ஆம் பிரிவைக் காட்டி நேரம் இருந்ததே என்று கேட்பார்கள்?

மேலவளவில் போலீஸ் காவலோடு தேர்தல் நடந்துதான் முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30ஆம் தேதி மதுரைக் கலெக்டர் ஆபீசுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பஸ்ஸை மறித்து அவரோடு சேர்த்து ஆறு பேரை வெட்டினார்கள். 2001இல் சேலம் நீதிமன்றம் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. அந்தத் தண்டனையை வாங்கிக் கொடுத்தது சாட்சி சொன்னவர்களின் வாய். 2019 நவம்பரில் 13 பேரை முன்கூட்டியே வெளியே விட்டார்கள். சாட்சி சொன்னவர்கள் அதே பஸ் ரூட்டில்தான் போய்வர வேண்டும்.