எண்ணும் வரிசையில் இருக்கிறது சூட்சுமம்

1, 2, 3 என்று போகும் எண்களில் இரட்டைப்படை எண்கள் எத்தனை பங்கு? பாதி என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லும். அதே எண்களை இப்படி எழுதிப் பாருங்கள்: 1, 3, 2, 5, 7, 4, 9, 11, 6... இரண்டு ஒற்றை, பிறகு ஓர் இரட்டை. எந்த எண்ணும் விடுபடவில்லை, எதுவும் இருமுறை வரவில்லை. ஆனால் எவ்வளவு தூரம் போய் எண்ணினாலும் இரட்டை எண்கள் மூன்றில் ஒரு பங்குதான் தேறும். மாறியது வரிசை மட்டும். அதோடு விடையும் மாறிவிட்டது. இயற்பியலாளர் ஆலன் கூத் எடுத்துக்காட்டும் இந்தச் சிறு கணக்கில் பிரபஞ்சவியலின் ஆகப் பெரிய சிக்கல் ஒன்று முழுசாக அடங்கியிருக்கிறது.

பிரபஞ்சம் பிறந்த கணத்தில் அசுர வேகத்தில் வீங்கியது என்று 1981-இல் சொன்னவர் கூத். அந்த வீக்கம் தொடங்கினால் எல்லா இடத்திலும் ஒருசேர ஓயாது என்று 1983-இல் பால் ஸ்டைன்ஹார்ட்டும் அலெக்சாண்டர் விலென்கினும், 1986-இல் ஆந்த்ரேய் லிண்டேயும் காட்டினார்கள். ஓய்ந்த இடமெல்லாம் நம்முடையதைப் போல ஒரு குமிழிப் பிரபஞ்சம். ஓயாத இடமோ இன்னும் வேகமாகப் பெருகிக்கொண்டே போகிறது. ஆகவே குமிழிகளுக்குக் கணக்கே இல்லை. நடக்கக்கூடியது எதுவும் எண்ணற்ற முறை நடக்கிறது. ‘இதற்கு வாய்ப்பு அதிகம், அதற்குக் குறைவு’ என்று சொல்ல முடிவிலியை முடிவிலியால் வகுக்க வேண்டும். வகுத்தால் வரும் விடை எண்ணும் வரிசையைப் பொறுத்தது.

சரி, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நேரத்தில் கோடு போடுவோம். அதுவரை நடந்ததை எண்ணி விகிதம் பார்த்துவிட்டு, கோட்டைத் தள்ளிக்கொண்டே போவோம். எவருக்கும் முதலில் தோன்றும் வழி இது. இது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதுதான் ரசிக்கத்தக்கது. கூத்தின் மதிப்பீட்டில், ஒரே நொடியில் குமிழிகள் பெருகும் மடங்கை எழுத 1-க்குப் பின் போட வேண்டிய சுழியங்களை எண்ணினால், அந்த எண்ணிக்கையே 37 இலக்கம் வரும். பிறப்பு இப்படிப் பெருகும் ஊரில் என்றைக்குக் கணக்கெடுத்தாலும் கைக்குழந்தைகளே நிறைந்திருப்பார்கள். அப்படியானால் நாமும் ஆன மட்டும் இளைய பிரபஞ்சத்தில்தான் இருக்க வேண்டும். ஆனால் நம் பிரபஞ்சத்துக்கு வயது 1,380 கோடி ஆண்டு. அதன் ஆதி வெப்பம் 2.7 கெல்வின் வரை ஆறிப்போயிருக்கிறது. நம் வானமே அந்த எண்ணும் முறையைத் தள்ளுபடி செய்துவிட்டது! எண்ணும் முறையொன்று சோதனையில் தோற்கும் காட்சியை அடிக்கடி பார்க்க முடியாது.

திருத்தம் இன்னும் நயமானது. நொடிக்குப் பதில், வெளி எத்தனை மடங்கு விரிந்தது என்பதையே கடிகாரமாக வைத்தார்கள். இந்தக் கடிகாரத்தின் ஒரு துடிப்பில் எல்லாப் பகுதியும் ஒரே மடங்குதான் விரியும். வேகமாக வீங்கும் பகுதிக்கு இருந்த சலுகை போய்விடுகிறது. கோட்பாட்டில் வேறெதையும் தொடாமலே இளமைப் புதிர் கரைந்துவிட்டது.

ஆனாலும் கோடு தன் வேலையைக் காட்டாமல் விடவில்லை. கூத்தும் விட்டலி வான்சுரினும் எழுப்பிய புதிர் இது: ஒரு நாணயத்தைச் சுண்டுகிறார்கள். தலை விழுந்தால் உங்களைச் சிறிது நேரத்தில் எழுப்புவார்கள். பூ விழுந்தால் பல கோடி ஆண்டு கழித்து. தூங்கப் போகும்போது வாய்ப்பு சரிபாதி. கண் விழித்ததும் கணக்குப் போட்டால், எண்ணற்ற குமிழிகளில் இதே சோதனைக்கு ஆளான நெடுந்தூக்கக்காரர்களில் பலர் கோட்டுக்கு அப்பால் போயிருப்பார்கள். ஆகவே நீங்கள் குட்டித் தூக்கம் போட்டவராக இருக்கவே வாய்ப்பு அதிகம். புதுச் செய்தி எதுவும் காதில் விழவில்லை. வாய்ப்பு மட்டும் எப்படி மாறியது? ரஃபாயேல் பூசோவும் கூட்டாளிகளும் 2010-இல் துணிந்து ஒரு விடை சொன்னார்கள்: கோடு நிஜமானது, காலம் அங்கே முடிகிறது, நம் விண்மீன் மண்டலம் அடுத்த 500 கோடி ஆண்டுக்குள் அதை எட்டிவிடக்கூடும். கூத்தும் வான்சுரினும் அதை மறுத்து, காலம் முடிவின்றி ஓடினாலும் முரணில்லாமல் நிகழ்தகவை வரையறுக்கலாம் என்று காட்டினார்கள். ஒரு தூக்கத்தைப் பற்றிய கேள்வி காலத்தின் முடிவு வரை போய்விட்டது.

இவற்றிலெல்லாம் என்னை மிகவும் கவர்ந்தது ஒன்று உண்டு. எல்லாக் குமிழிகளையும் ஒளியின் பாதையை ஒட்டிய ஒரு காலக்கோடு வரை எண்ணுவது ஒரு வழி. ஒரே ஒருவரால் தொடர்புகொள்ள முடிந்த பகுதியை மட்டும் எண்ணி மற்றதை விட்டுவிடுவது நேர்மாறான வழி. தொடக்க நிலையைத் தக்கபடி எடுத்துக்கொண்டால் இரண்டும் ஒரே நிகழ்தகவைத் தருகின்றன. அண்டமெல்லாம் அளந்தவரும் தன் எல்லைக்குள் நின்றவரும் ஒரே விடையில் வந்து சேர்கிறார்கள்!

எல்லோரும் ஒப்பிய எண்ணும் முறை இன்றுவரை இல்லை. எதுவும் நடக்கலாம் என்றால் எதையும் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்று, வீக்கம் ஓயாது என்பதை முதலில் கண்டவர்களில் ஒருவரான ஸ்டைன்ஹார்ட்டே வீக்கக் கோட்பாட்டை விட்டு விலகிவிட்டார். அவர் கேள்வி நியாயமானது. ஆனால் விடை கிடைக்காததால் இந்தச் சிக்கலின் மதிப்பு குறைந்துவிடவில்லை. எண்ணுவது மனிதர் செய்துகொண்ட வசதி என்றிருந்தோம். இங்கே அது இயற்கையைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விதி.