உப்புக் காற்றில் பழைய ரலி

யாழ்ப்பாணக் குடாநாட்டின் காங்கேசன்துறையில் ஒரு சைக்கிள் எத்தனை மைல் ஓடியது என்பதைவிட, கடலுக்கு எவ்வளவு கிட்ட நின்றது என்பதே அதன் வயதைத் தீர்மானிக்கும். கரையோர வீட்டு முற்றத்தில் விட்ட வண்டியின் செயின் சில நாட்களிலேயே செம்மஞ்சளாகிவிடும். கம்பிகள் நிப்பிளோடு இறுகிப்போகும். மட்காட்டின் உட்புறம் செதில் செதிலாக உதிரும். இப்படிப்பட்ட ஊரில் துருவே பிடிக்காத உலோகத்தில் ஒரு சைக்கிள் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? டைட்டேனியம் அத்தகைய உலோகம். காற்றுப் பட்டதும் அதன் மேல் தானாகப் படியும் மெல்லிய ஒட்சைட்டுப் படலம், கடல்நீரில் கிடந்தாலும் அதைக் காப்பாற்றிவிடும்.

அந்த உலோகத்தின் தாது இதே கரையில்தான் கொட்டிக் கிடக்கிறது என்பது இன்னொரு வேடிக்கை. திருகோணமலைக்கு வடக்கே, புல்மோட்டைக் கடற்கரையின் கறுப்பு மணலில் இல்மனைட்டும் ரூட்டைலும் கலந்திருக்கின்றன. 1957இல் உருவான அரச கூட்டுத்தாபனமும் அதன் பின்வந்த நிறுவனமும் அதை அள்ளிக் கப்பலேற்றி வந்திருக்கின்றன. உலகம் தோண்டும் இல்மனைட்டில் பெரும்பகுதி வெள்ளை வர்ணப்பூச்சாகிச் சுவரில் ஏறிவிடுகிறது. உலோகமாவது சிறு பங்குதான். இந்தியாவிலேயே கேரளத்துச் சவறாவில் டைட்டேனியப் பஞ்சு ஆலை 2011இல்தான் திறக்கப்பட்டது, அதுவும் விண்வெளித் துறையின் தேவையை முன்வைத்து. மணல் நம்முடையது என்பதால் சைக்கிள் மலிவாகிவிடாது.

டைட்டேனியத்தில் மலைச்சைக்கிள் செய்யும் வேலை அமெரிக்காவில் 1980களின் நடுவில் சூடுபிடித்தது. மசசூசெற்சில் மெர்லின், டெனசியில் லைட்ஸ்பீட் என்ற பெயர்கள் அந்தக் காலத்தவை. விமானங்களின் எண்ணெய்க் குழாய்களுக்காக உருவான கலப்புலோகம் அவர்களுக்குக் கைகொடுத்தது. அதில் 3 சதவீதம் அலுமினியமும் 2.5 சதவீதம் வனேடியமும் சேர்ந்திருக்கும். உருக்கின் எடையில் பாதிக்குச் சற்று மேல். விறைப்பிலும் ஏறத்தாழப் பாதி. அதனால் குழாயைப் பருமனாக்கினார்கள். வர்ணம் பூசாமல் வெறும் சாம்பல் உலோகமாகவே விற்றார்கள். அந்த வண்டிகளில் பலவற்றுக்கு இன்று 30 வயது தாண்டிவிட்டது. அவற்றைத் தேடி வாங்கி, முழுக்கக் கழற்றி, அதே ஆண்டின் பாகங்களைப் பொறுக்கிப் பூட்டி நிறுத்துவது மேற்கு நாடுகளில் ஒரு தனிப் பித்தாகவே வளர்ந்திருக்கிறது.

அந்தப் பித்தில் மெச்சத்தக்கது அதன் ஒழுக்கம். பிறேமின் இலக்கத்தைப் பார்த்து ஆண்டை உறுதிசெய்கிறார்கள். பழைய விற்பனைப் பட்டியலை வைத்துப் பாகங்களை ஒப்பிடுகிறார்கள். புரி எந்த அளவென்று அளந்த பிறகே சாவியை எடுக்கிறார்கள். ஆனால் முடிந்த வண்டியின் பளபளப்புக்குத் தரப்படும் பாராட்டு கொஞ்சம் அதிகம். டைட்டேனியப் பிறேமைப் புதிதாக்க ஒரு தேய்ப்புப் பஞ்சும் ஒரு பிற்பகலும் போதும். உலோகத்தின் குணத்துக்குச் சேரவேண்டிய பெயரைத் திருத்தியவர் வாங்கிக்கொள்கிறார். உண்மையான சோதனை பிறேமைச் சுற்றியுள்ள சாமான்களில்தான் இருக்கிறது. 1990களின் தொடக்கத்து அதிர்வுதாங்கி முள்ளுகளுக்குள் இருந்த இறப்பர்க் கட்டைகள் கல்லாக இறுகி நொறுங்கிவிட்டன. கியர் மாற்றும் பிடிகளுக்குள் கிறீஸ் பசையாகிவிட்டது. 8 பல்சக்கர அமைப்புக்கேற்ற நல்ல பாகங்களைப் பழைய சந்தையில்தான் தேடவேண்டும். ஆகவே ஒரு வண்டியை ‘அசலாக’ நிறுத்துவதற்கு இன்னும் இரண்டு மூன்று வண்டிகள் உடைபடுகின்றன. சாகாத எலும்புக்கூட்டை வைத்துக்கொண்டு சதைக்கு அலையும் வேலை அது. அப்படிப் பாடுபட்டுச் செய்த வண்டியோ பெரும்பாலும் சுவரில் தொங்குகிறது.

இங்கிலாந்தின் நோட்டிங்காமில் இருந்த ரலி சைக்கிள் நிறுவனமும் இந்த வழியில் கொஞ்சத் தூரம் போய்ப் பார்த்தது. 1990களின் தொடக்கத்தில் அதன் சிறப்புப் பிரிவு டைனா-ரெக் என்ற பெயரில், டைட்டேனியக் குழாய்களை வெல்டிங் செய்யாமல் மூட்டுகளில் பசையால் ஒட்டி மலைச்சைக்கிள் செய்தது. இத்தகைய வண்டியைத் திருத்த எடுப்பவரின் கவலை குழாயைப் பற்றியதல்ல, பசையைப் பற்றியது. பசைக்கு வயதாகும், அதை வெளியிலிருந்து பார்த்தும் அறிய முடியாது. அதே நிறுவனம் அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன் பித்தளை உருக்கி ஒட்டிய இரும்பு வண்டிகள் யாழ்ப்பாணத்தில் இன்னும் ஓடுகின்றன.

இரும்பு ரலி ஓடுவதற்குக் காரணம் அதன் உலோகம் அல்ல. குடாநாட்டுக்கு ரலியும் ஹம்பரும் ரட்ஜும் வந்து சேர்ந்தபோது இம்மூன்றுமே ஒரே கூரையின் கீழ் வந்துகொண்டிருந்தன. ஹம்பரை 1932இலும் ரட்ஜை 1943இலும் ரலி வாங்கிவிட்டது. இந்தியாவிலும் 1949க்குப் பிறகு அதே அச்சில் சைக்கிள்கள் பெருகின. அம்பத்தூரில் ஹெர்குலிஸ், அசன்சோலில் சென்-ரலி. ரயர் 28க்கு ஒன்றரை, கொட்டர் பின் அடித்த கிராங், கம்பி இழுக்கும் பிறேக் என்று எல்லாரும் ஒரே கட்டுமானத்தைப் பின்பற்றினார்கள். நோட்டிங்காமில் பிறேம் செய்வது 1999இலும் தொழிற்சாலை 2002இலும் நின்றுபோன பிறகும், அந்த வண்டிக்கு வேண்டிய ரயரை இந்தியா அடித்துக்கொண்டே இருக்கிறது. மெர்லின் வண்டிக்கு இந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை.

குடாநாட்டுச் சைக்கிள் கடைக்காரரின் கைவண்ணம் உருவான காலத்தைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். 1990 ஜூனில் போரால் காங்கேசன்துறை, பலாலி, மயிலிட்டி மக்கள் வெளியேறினார்கள். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையின் புகைபோக்கி அணைந்தது. குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை இறுகியது. பெற்றோல் இல்லாத ஊரில் நோயாளியும் விறகும் மரக்கறி மூட்டையும் சைக்கிளில் போயின. பற்றரி இல்லாத வீட்டில் பின்சில்லை நிமிர்த்திப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டார்கள். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமப் பகுதி மக்கள் முழுவதும் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோதும் குடும்பத்தின் மிச்சம் சைக்கிள் கரியரில்தான் இருந்தது. இதையெல்லாம் இன்று மீள்பயன்பாட்டுக் கலாசாரம் என்று புகழ்வோர் உண்டு. அது ஒருவரும் விரும்பி எடுத்த விரதமல்ல. கிழிந்த ரயருக்குள் இன்னொரு ரயர்த் துண்டை வைத்துத் தைத்தவரிடம் புது ரயர் இருந்திருந்தால் அதைத்தான் பூட்டியிருப்பார். 2022இல் எரிபொருள் வரிசை நீண்டு சைக்கிளின் விலை எகிறியபோதும் பழைய வண்டிகள் கோடியிலிருந்து வெளியே வந்தது ரசனையால் அல்ல.

ஆனாலும் அந்தக் கட்டாயம் ஒரு பெரிய திறமையை விட்டுச்சென்றது. வளைந்த றிம்மைக் கண்ணாலே பார்த்துக் கம்பி இறுக்கி நேராக்குவது, கொட்டர் பின்னை அரத்தால் உரசி இரண்டு கிராங்கையும் ஒரே கோட்டில் நிறுத்துவது, எண்ணெய்க் கசடு பிடித்த பிரீவீலை மண்ணெண்ணெயில் ஊறவைத்து உயிர்ப்பிப்பது போன்றவை எந்தக் கையேட்டிலிருந்தும் வந்தவை அல்ல. ஐரோப்பாவில் டைட்டேனிய வண்டி சேகரிப்பவர்களில் பலர் ஒரு சில்லைக் கம்பி கோர்க்க இன்னொருவரிடம் கொடுக்கிறார்கள்.

குறை எங்கே என்றால், இந்தத் திறமைக்கு ‘தொடாமல் விடுவது’ என்ற பாடம் தெரியாது. கிராங் அச்சின் கிண்ணத்தை எடுத்துக்கொள்வோம். பிரித்தானியப் பொதுத்தரத்தில் அங்குலத்துக்கு 24 புரி. ரலி தன் நோட்டிங்காம் வண்டிகளுக்கு மட்டும் 26 புரி வெட்டியது. விட்டம் ஒன்றே என்பதால் சந்தைக் கிண்ணம் இரண்டு மூன்று சுற்று கையாலேயே ஏறும், பிறகு இறுகும். அந்த இடத்தில் நிறுத்தாமல் நீளச் சாவியைப் போட்டு ஏற்றினால் அன்றைக்கு வண்டி ஓடும். பிறேமின் புரியோ நிரந்தரமாக அரைபட்டுப் போய்விடும். டைட்டேனியச் சேகரிப்பாளரின் அந்த அளவுகோல் ஒழுக்கம் வலிகாமத்துக்கு இறக்குமதியாகவேண்டியது இந்த இடத்துக்குத்தான்.

வெல்டிங்கும் அப்படித்தான். ரலியின் குழாய்கள் மூட்டுக்குள் நுழைந்து, பித்தளை உருகி ஊடுருவி ஒட்டப்பட்டவை. மூட்டருகே வெடித்த குழாயை, வீட்டுப் படலைக்குக் கம்பி ஒட்டும் அதே மின்வில் வெல்டிங்கால் பொருத்தும்போது, ஒட்டு பிடிக்கும். பக்கத்து மெல்லிய இரும்பு கடினமாகிச் சில மாதத்தில் ஒட்டின் ஓரத்திலேயே மறுபடி வெடிக்கும். பின்பக்கக் கிளைக் குழாயில் இது தொல்லை. முன்முள்ளில் இது ஆபத்து. முள் முறிந்தால் ஓட்டுபவர் முகம் தரையில் மோதும், ஆகவே ஒட்டுப்போட்ட முன்முள்ளைப் புழக்கத்தில் விடுவதை எந்தச் சிக்கனத்தாலும் நியாயப்படுத்த முடியாது. மழையில் நனைந்த குரோம் றிம்மில் பிறேக் வழுக்கும் குறையும் பழைய ரலியோடு கூடப் பிறந்தது. கம்பிப் பிறேக் றிம்மின் உட்புறத்தை அழுத்துவதால் அலுமினிய றிம்மையும் லேசில் பூட்ட முடியாது. அசல் வடிவத்தைக் காக்கிறோம் என்ற பெயரில் இந்தக் குறையை மறைத்து, பள்ளிக்கூடப் பிள்ளையிடம் வண்டியைக் கொடுப்பது சரியல்ல.

வர்ணம் பூசுவது பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். திருத்திய வண்டி என்றால் கறுப்பு மினுங்க வேண்டும் என்பது யாழ்ப்பாணத்து ஆசை. மேற்கத்தையர் தேய்ப்புப் பஞ்சை எடுப்பதும் இதே ஆசையால்தான். பூச்சுக்கு முன் மண்காகிதம் போடும்போது மூக்குத் தகட்டிலுள்ள ரலியின் நாரைச் சின்னமும், பொன்கோடுகளும், விற்ற கடையின் ஒட்டுப்படமும் போய்விடுகின்றன. வேறொரு ஊரில் இது ரசனைக் குறை மட்டுமே. காங்கேசன்துறையில் அதைவிடக் கூட. இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயம் 2010க்குப் பின் துண்டு துண்டாக விடுபட்டு மக்கள் திரும்பியபோது பல இடங்களில் வீட்டின் அத்திவாரத்தையே தேடவேண்டியிருந்தது. அல்பமும் உறுதியும் தொலைந்த குடும்பத்தில், ஊரைவிட்டுப் போகும்போது உருட்டிச்சென்ற சைக்கிள் ஒரு ஆவணம். மூன்று வேக ஹப் பூட்டிய வண்டியாக இருந்தால் ஸ்ரேமி-ஆர்ச்சர் ஹப்பின் ஓட்டில் செய்த ஆண்டே அடித்திருக்கும். துருவை மட்டும் எடுத்து, மிஞ்சிய வர்ணத்தின் மேல் மெழுகு தடவி விடுவது மலிவு, சரியும்கூட.

டைட்டேனிய மலைச்சைக்கிள் ஒன்று வெளிநாட்டிலிருந்து காங்கேசன்துறைக்கே வந்து சேர்ந்தால் என்ன நடக்கும்? மலையே இல்லாத சுண்ணக்கல் தட்டில் மலைச்சைக்கிள் எதற்கு என்ற கேள்வியை விட்டுவிடலாம். குண்டும் குழியுமான ஒழுங்கைகளுக்குப் பருத்த ரயர் நல்லதுதான். ரயர் தேடவும் வேண்டாம். மேற்கில் 27.5, 29 அங்குலம் வந்தபின் ஓரங்கட்டப்பட்ட 26 அங்குல ரயர், இங்கே மலிவு ‘மவுண்டன்’ சைக்கிள்களின் புண்ணியத்தில் தாராளமாகக் கிடைக்கிறது. சிக்கல் இருக்கைத் தண்டில் தொடங்கும். டைட்டேனியக் குழாய்க்குள் அலுமினியத் தண்டு நிற்கும். இடையில் உப்பு ஈரம் புகுந்தால் மின்வேதி அரிப்பில் அலுமினியம் கரைந்து பூத்து இறுகிவிடும். துருவாத உலோகம் பக்கத்திலுள்ளதை அரிக்கவிடும் என்பது விளம்பரத்தில் வராத சங்கதி. இரும்பு வண்டியில் இப்படி இறுகினால் திருத்துபவர் மண்ணெண்ணெய் ஊற்றுவார், கேட்காவிட்டால் வாயுச் சுடரைக் காட்டுவார். டைட்டேனியத்துக்கு மண்ணெண்ணெய் பாதகமில்லை. சுடர் பாதகம்: சூடேறிய டைட்டேனியம் காற்றிலிருந்து ஒட்சிசனை உறிஞ்சி நொறுங்கும் தன்மை அடையும். அதை ஒட்டுபவர்கள் குழாயின் உள்ளும் புறமும் ஆர்கன் வாயுவை நிரப்பி வேலைசெய்வதும் இதனால்தான். ஒட்டு வெள்ளிபோல இருந்தால் நல்லது, நீலம் பாய்ந்தால் சந்தேகம்.

கல்லாகிப்போன அதிர்வுதாங்கி முள்ளைக் கழற்றிவிட்டு, அந்த வண்டிக்கு ஒரு சாதாரண இரும்பு முள்ளைப் பூட்டலாம். சேகரிப்பாளர் முகம் சுளிப்பார். ஓடவேண்டிய வண்டிக்கு அதுவே நல்ல முடிவு, ஏனென்றால் இரும்பு முள் வேண்டுமானால் அடுத்த வருடமும் கிடைக்கும்.

ரலிக்கு வருவோம். 2023 ஒக்ரோபரில் நாகப்பட்டினத்திலிருந்து பயணிகள் கப்பல் காங்கேசன்துறைக்கு வந்தது. ரயர், கம்பி, பிறேக் கட்டை, கொட்டர் பின் எல்லாம் அக்கரைச் சந்தையில் கிடைக்கும். 26 புரிக் கிண்ணம்தான் கிடைப்பது அரிது. ஆகவே அந்தக் கிண்ணத்தைத் தேய்ந்தது என்று பழைய இரும்புக்குப் போடமுன் ஒருமுறை கழுவிப் பார்க்கவேண்டும். ஓடுபாதையில் குழி விழாதிருந்தால், குண்டுகளை மாத்திரம் மாற்றிப் புதுக் கிறீஸ் வைத்தால் அது இன்னும் பல வருடம் ஓடும். வலப்பக்கக் கிண்ணத்தின் புரி மட்டும் எதிர்த்திசை. அதைச் சாதாரணப் புரி என்று நினைத்துத் திருகினால் கழலாது, மேலும் இறுகும்.